ஸ்பிரிங்கால் இயங்கும் சிரிஞ்சு பம்பை வீடு தேடிச் செல்லும் மருத்துவத்தில் சேர்க்கக் கோரி ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள், மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை, தலைமைச் செயலகம், சென்னை.
மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், சென்னை.

பொருள்: நோய் ஆதரவு சிகிச்சைக்கும் கர்ப்பகால வலிப்புத் தடுப்புக்கும் ஸ்பிரிங் விசை சிரிஞ்சு பம்புகளை வாங்குதல், அவற்றின் தொழில்நுட்ப விவரக்குறிப்பில் சேர்க்க வேண்டியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீடு வீடாகச் சென்று, தீரா நோயாளிகளின் வலியையும் அவதியையும் தணிக்கும் நோய் ஆதரவு செவிலியர்களின் பையில், மின்சாரமோ பேட்டரியோ இல்லாமல், ஒரு ஸ்பிரிங்கின் விசையாலேயே சிரிஞ்சில் உள்ள மருந்தை மணிக்கணக்கில் சீராகச் செலுத்தும் பம்பு இடம்பெற வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பதும் அவற்றின் அளவுகளைச் சரிபார்ப்பதும் என் தொழில். ஆகவே, வாங்குங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், எப்படி வாங்கக் கூடாது என்பதையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இது பார்வைக்கு எளிய கருவி. அந்த எளிமையை நம்பி அலட்சியமாக வாங்கிவிடக் கூடாது என்பதே என் கவலை.

வாய்ப்புற்றோ உணவுக்குழாய்ப் புற்றோ முற்றிய நிலையில் நோயாளியால் மாத்திரையை விழுங்க முடிவதில்லை. அதுவரை வாய்வழியாகக் கொடுத்துவந்த, கடும் வலிக்கான மருந்தாகிய மார்ஃபினை அப்போது தோலடி ஊசியாக மாற்ற நேர்கிறது. மார்ஃபின் உடலில் வேலை செய்வது சில மணி நேரமே என்பதால், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது நாளொன்றுக்கு ஆறு முறை அதைச் செலுத்த வேண்டும். ஓர் ஒன்றியம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் செவிலியரால் ஒரே வீட்டுக்கு அத்தனை முறை செல்ல முடியாது. பட்டர்ஃபிளை ஊசியைத் தோலடியில் பொருத்தி ஒட்டிவிட்டு, மருந்து நிரப்பிய சிரிஞ்சுகளைக் குடும்பத்தாரிடம் கொடுத்து, நேரம் பார்த்துச் செலுத்தச் சொல்லும் முறை நம் நாட்டு வலிதணிப்புப் பணியில் பழக்கத்தில் உள்ளது. அது நல்ல முறைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பகலெல்லாம் கூலி வேலை பார்த்துவிட்டு வரும் மகனோ மருமகளோ நள்ளிரவிலும் விடியற்காலையிலும் எழுந்து ஊசி மருந்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. தூங்கிவிட்டால் நோயாளி வலியோடு விழித்துக் கிடக்கிறார். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி, அடுத்த ஊசிக்கு முன் இறங்கிவிடுவதால், ஏறும்போது மயக்கமும் குமட்டலும் இறங்கும்போது வலியுமாக நாள் கழிகிறது.

இந்த ஆறு ஊசிகளுக்கான மருந்தையும் ஒரே சிரிஞ்சில் நிரப்பி, 24 மணி நேரமும் சொட்டுச் சொட்டாகத் தோலடியில் இறங்கவிட்டால் இரண்டு சிக்கலும் தீர்கின்றன. வாந்திக்கான ஹாலோபெரிடால் அல்லது மெட்டோகுளோபிரமைடு, தவிப்புக்கான மிடாசோலம், தொண்டையில் சளி கரகரப்பதைக் குறைக்கும் ஹையோசின் பியூட்டைல் புரோமைடு போன்றவற்றில் மருத்துவர் தேர்ந்தெடுப்பவற்றை, ஒன்றோடொன்று சேரும் என்று உறுதிசெய்துகொண்டு, அதே சிரிஞ்சில் கலந்தும் கொடுக்கலாம். செவிலியர் நாளுக்கு ஒரு முறை வந்து சிரிஞ்சை மாற்றினால் போதும். அந்த ஒரு முறையும் செவிலியரால் வர இயலாத ஊர்களுக்கு என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. ஆறு முறை என்பதை ஒரு முறையாகக் குறைத்த பின்புதான் அந்தக் கேள்வியையே எழுப்ப முடியும்.

நம் அரசு மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் உள்ள மின் சிரிஞ்சு பம்புகளை வீட்டுக்கு அனுப்பினால் என்ன என்ற எண்ணம் எழலாம். அவற்றில் ஒரு மோட்டார் திருகுத்தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டு பிளஞ்சரை, அதாவது சிரிஞ்சில் மருந்தைத் தள்ளும் உலக்கையை, மிக நுண்ணிய அடிகளாகத் தள்ளுகிறது. எதிரே எவ்வளவு தடை இருந்தாலும், அடைப்பு எச்சரிக்கை ஒலிக்கும் வரை, பிளஞ்சர் குறித்த தூரம் நகர்ந்தே தீரும். ஆகவே ஓட்டத்தைத் தீர்மானிப்பது அந்த நகர்வுதான். படுக்கையோரத்துக் கம்பியில் மாட்டிவைக்கவும், மின்செருகியில் இணைத்துவைக்கவும் வடிவமைக்கப்பட்டவை அவை. அவற்றின் பேட்டரி ஆம்புலன்ஸ் பயணத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். மலைக்கிராமத்து வீட்டில் நாள் முழுவதும் ஓடப் போதாது. விலையும் பராமரிப்பும் வேறு. உடலோடு கட்டிக்கொள்ளக்கூடிய சிறிய பேட்டரி பம்புகளும் உலகில் உண்டு. நிதி அனுமதிக்குமானால் அவற்றை வாங்குவதை நான் மறுக்க மாட்டேன். ஒன்றியத்துக்கு ஒன்று என்று அவற்றை வாங்குவதா, பல நோயாளிகளுக்கு ஒரே நேரத்தில் போதுமான எண்ணிக்கையில் ஸ்பிரிங் பம்புகளை வாங்குவதா என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன்.

ஸ்பிரிங் பம்பின் வேலை முறை வேறு. உள்ளே உள்ள ஸ்பிரிங், தச்சர் கையில் இருக்கும் இன்ச் டேப் தானாகச் சுருண்டுகொள்வதைப் போல, ஏறத்தாழ ஒரே அளவு விசையுடன் பிளஞ்சரை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். சிரிஞ்சின் முனையில் மயிரிழை போன்ற உள்துளை கொண்ட ஒரு டியூப் பொருத்தப்படுகிறது. ஸ்பிரிங் எவ்வளவு வேகமாகத் தள்ள விரும்பினாலும் மருந்து அந்தத் துளை விடும் அளவுக்குத்தான் ஓட முடியும். பம்பில் வேகத்தைத் திருப்பிவைக்கும் குமிழோ, எண் காட்டும் திரையோ இருக்காது. வேகம் வேண்டுமானால் ஒரு டியூப், மெதுவாக வேண்டுமானால் வேறொரு டியூப். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று தயாரிக்கும் ஸ்பிரிங்ஃபியூசர் என்ற பம்பு இவ்வகையில் அறியப்பட்ட ஒன்று. இந்தக் கருவிகளுக்கென்றே, அதாவது மின்சாரம் அல்லாத விசையால் இயங்கும் கையடக்க மருந்து செலுத்திகளுக்கென்றே, ஐஎஸ்ஓ 28620 என்ற பன்னாட்டுத் தரநிலையும் உண்டு. ஒப்பந்தப்புள்ளியில் முதலில் எழுத வேண்டியது அந்த எண்ணைத்தான்.

இனி, நாம் பாடம் கற்க வேண்டிய ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். உடலில் கட்டிக்கொண்டு நடமாடக்கூடிய சிறிய சிரிஞ்சு பம்பைப் பரவலாக்கியவர் பிரிட்டனின் மார்ட்டின் ரைட். மூச்சுக்காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃபுளோ மீட்டரை உருவாக்கியவரும் அவரே. அந்தப் பம்பு புற்றுநோய் வலிக்காகப் பிறந்ததல்ல. பரம்பரை இரத்தச்சோகையான தலசீமியா உள்ள குழந்தைகளுக்காகப் பிறந்தது. அக்குழந்தைகளுக்குத் தொடர்ந்து இரத்தம் ஏற்றப்படுகிறது. ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு உடலில் சேர்கிறது. உடலுக்கோ கூடுதல் இரும்பை வெளியேற்றும் வழி இல்லை. அதைப் பிடித்து வெளியேற்றும் டெஸ்ஃபெர்ரியாக்சமின் என்ற மருந்து சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து மறையத் தொடங்குவதால், ஒரே ஊசியாகப் போட்டால் பெரிதாகப் பயனில்லை. தோலடியில் 8 முதல் 12 மணி நேரம், வாரத்தில் 5 முதல் 7 இரவுகள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்காக உருவான பம்பு, 1979-இல் மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட அதே காலத்தில், புற்றுநோயின் இறுதிக்கட்ட வலிக்கும் பயன்படத் தொடங்கியது. இன்று இரும்பை நீக்க வாய்வழி மருந்துகள் வந்துவிட்டன. டெஃபெரிப்ரோன் என்ற மருந்து உலகிலேயே முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளில் ஒன்று இந்தியா. ஆயினும் இதயத்தில் இரும்பு படிந்துவிட்ட பிள்ளைகளுக்கு இரவுநேரப் பம்பு இன்றும் தேவைப்படுகிறது. கொள்முதல் கணக்கைப் போடும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

ரைட்டின் வடிவமைப்பைப் பின்பற்றி பிரிட்டனில் கிரேஸ்பி என்ற பெயரில் பேட்டரி பம்புகள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் இரண்டு மாதிரிகள் பெரிதும் பரவின. ஒன்று எம்எஸ் 16ஏ, மற்றொன்று எம்எஸ் 26. அளவிலும் வடிவிலும் இரண்டும் ஒன்றே. முன்பக்கத்தின் நிறம் மட்டும் ஒன்றில் நீலம், மற்றொன்றில் பச்சை. நீலப் பம்பின் வேகம் மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும், பச்சைப் பம்பின் வேகம் 24 மணி நேரத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் குறிக்கப்பட்டது. மில்லிலிட்டர் அல்ல, மில்லிமீட்டர் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். செவிலியர் மருந்தை நிரப்பி, சிரிஞ்சில் பிளஞ்சர் நகர வேண்டிய நீளத்தை அளவுகோலால் அளந்து, அதிலிருந்து வேகத்தைக் கணக்கிட வேண்டும். 48 மில்லிமீட்டர் நீளம் 24 மணி நேரத்தில் இறங்க வேண்டுமானால் பச்சைப் பம்பில் 48 என்று வைக்க வேண்டும். நீலப் பம்பில் 2 என்று வைக்க வேண்டும். பச்சையில் பழகிய கை நீலத்தில் 48 என்று வைத்துவிட்டால் ஒரு நாளைக்கான மார்ஃபின் முழுவதும் ஒரே மணி நேரத்தில் உள்ளே போய்விடும். இதற்கு மேல் சிரிஞ்சின் அகலமும் குழப்பியது. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள சிரிஞ்சில் ஒரு மில்லிமீட்டர் நகர்வுக்கு சுமார் 0.18 மில்லிலிட்டர் வெளியேறும். 20 மில்லிமீட்டர் உள்ளதில் 0.31 மில்லிலிட்டர் வெளியேறும். பம்புக்கு இந்த வேறுபாடு தெரியாது.

இந்தக் கருவிகள் மோசமானவை என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்ன வேகத்தில் தள்ளின, ஆண்டுக்கணக்கில் உழைத்தன, எண்ணற்ற நோயாளிகள் வீட்டிலேயே அமைதியாக இருக்க உதவின. பிழை இருந்தது, ஒரே முகத்தோடு இரண்டு அலகுகளைச் சந்தைக்கு விட்ட முடிவிலும், இரண்டையும் ஒரே மருத்துவமனையில் அருகருகே வைத்துக்கொண்ட வழக்கத்திலும். இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2010 டிசம்பரில்தான், மில்லிமீட்டரில் வேகம் குறிக்கும் பம்புகளை ஐந்து ஆண்டுகளுக்குள் கைவிட்டு, மில்லிலிட்டரில் குறிப்பவையும் சிரிஞ்சு சரியாகப் பொருந்தாவிட்டால் ஓடாதவையும் எச்சரிக்கை ஒலி உள்ளவையுமான பம்புகளுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. கருவி பரவத் தொடங்கி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்! பரவிவிட்ட கருவியைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாங்குவதற்கு முன்பே இதைப் பேசிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான்.

இங்கிலாந்தின் கோஸ்போர்ட் போர் நினைவு மருத்துவமனை விவகாரத்தை அறிந்தவர்கள், இத்தகைய பம்புகளே ஆபத்து என்று வாதிடக்கூடும். 1989 முதல் 2000 வரை அங்கே மருத்துவத் தேவையின்றி ஓபியாய்டுகள் எனப்படும் மார்ஃபின் வகை வலிநிவாரண மருந்துகள் கொடுக்கப்பட்டதால் 450-க்கும் மேற்பட்டோரின் வாழ்நாள் சுருக்கப்பட்டது என்று 2018 ஜூனில் வெளியான சுதந்திரக் குழுவின் அறிக்கை கூறியது. சிரிஞ்சு பம்புகளின் வழியாகவே பலருக்கு அம்மருந்துகள் சென்றன என்பதும் உண்மை. ஆனால் குழு கண்டது மருந்து எழுதிய முறையிலும், அதைத் தட்டிக்கேட்ட செவிலியர்களின் குரலைக் கேளாத நிர்வாகத்திலும் இருந்த கேடு. யாருக்கு, எதற்காக, எவ்வளவு என்று எழுதாமல் எந்தப் பம்பையும் தொடங்கக் கூடாது என்ற விதியை நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பம்பே வேண்டாம் என்ற முடிவை எடுக்க வேண்டியதில்லை.

இனி ஸ்பிரிங் பம்புக்கு வருகிறேன். இதில் எண்ணே இல்லாததால் எண்ணைத் தவறாக வைக்கும் ஆபத்து இல்லை. அது பெரிய நன்மை. ஆனால் ஆபத்து மறைந்துவிடவில்லை. டியூபுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மெல்லிய குழாயில் ஓடும் திரவத்தின் வேகம் அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதைக் கல்லூரி இயற்பியலில் படித்திருப்போம். உள்துளை 2 விழுக்காடு அகலமானாலே ஓட்டம் 8 விழுக்காடு கூடும். 10 விழுக்காடு அகலமானால் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். பம்புக்குரிய டியூப் தீர்ந்துவிட்டது என்று வார்டு அலமாரியில் கிடக்கும் சாதாரண எக்ஸ்டென்ஷன் லைனை, அதாவது இணைப்புக் குழாயை, மாட்டினால், அதன் உள்துளை பத்து மடங்கு அகலம் என்று வைத்துக்கொண்டாலும், கணக்குப்படி ஓட்டம் பத்தாயிரம் மடங்கு. நாள் முழுவதும் ஓட வேண்டிய சிரிஞ்சு கண்ணெதிரே காலியாகிவிடும். சிரிஞ்சில் மார்ஃபின் இருந்தால் என்னவாகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை.

ஆகவே, உரிய டியூபை மாட்டினாலன்றிச் சிரிஞ்சு பம்புக்குள் பொருந்தவே கூடாது என்பது விவரக்குறிப்பின் தளர்த்த முடியாத நிபந்தனையாக இருக்க வேண்டும். டியூபின் முனையிலுள்ள வட்டோ வளையமோ பம்பின் வாயில் பொருந்தினால்தான் ஸ்பிரிங் தள்ளத் தொடங்கும் அமைப்புள்ள கருவிகள் சந்தையில் உள்ளன. ஆகவே இது கேட்கக் கூடாத கோரிக்கை அல்ல. அடுத்து, வேகம் டியூபின் மீதே பெரிய எழுத்தில், மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற ஒரே அலகில், தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். ஒரு மாவட்டத்துக்குள் நோய் ஆதரவு சிகிச்சைக்கு ஒரே ஒரு வேகமுள்ள டியூபை மட்டும் வழங்குவது நல்லது. மருந்தின் அளவை மாற்ற வேண்டுமானால் சிரிஞ்சில் கரைக்கும் மருந்தை மாற்றிக்கொள்ளலாம். டியூபை மாற்ற வேண்டியதில்லை. பல வேகங்களில் டியூபுகள் கிடைக்கின்றன என்பதை நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும். வார்டில் அது பயனுள்ளதாக இருக்கலாம். வீட்டில் அது நீலமும் பச்சையும் திரும்பி வந்த கதையாகிவிடும்.

நம் நிலத்துக்கே உரிய ஒரு சிக்கலை எந்த விற்பனைப் பிரதிநிதியும் தானாகச் சொல்ல மாட்டார். அது வெயில். திரவம் சூடாகச் சூடாக அதன் பிசுக்குமை, அதாவது ஓடவிடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, குறைகிறது. பிசுக்குமை குறையும் அளவுக்கு அந்த நுண்துளையில் ஓட்டம் கூடுகிறது. 20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் பிசுக்குமையை 1 என்று கொண்டால், 30 டிகிரியில் அது 0.8, 40 டிகிரியில் 0.65. குளிர்ந்த ஆய்வகத்தில் 20 டிகிரியில் அளந்து 24 மணி நேரம் என்று அச்சிடப்பட்ட டியூப், 30 டிகிரியில் 19 மணி நேரத்திலும், 40 டிகிரியில் 16 மணி நேரத்துக்குள்ளும் மருந்தை முடித்துவிடும். சித்திரை, வைகாசி மாதங்களில் வேலூரிலோ திருத்தணியிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் படுத்திருக்கும் நோயாளிக்கு இது வெறும் கணக்கு அல்ல. காலை பத்து மணிக்குத் தொடங்கிய மருந்து பின்னிரவு இரண்டு மணிக்கு முடிந்து, செவிலியர் மறுநாள் வரும் வரை வலி அவரைப் பிடித்துக்கொள்ளும். முடிவதற்கு முன்னரோ, ஒன்றரை மடங்கு வேகத்தில் மார்ஃபின் அவருக்குள் சென்றிருக்கும்.

இதற்கு வழி இருக்கிறது. டியூபின் நுண்துளைப் பகுதியைத் தோலோடு சேர்த்து ஒட்டிவைத்தால் அது உடல் மேற்பரப்பின் வெப்பத்திலேயே, அதாவது 32 டிகிரிக்கு அருகிலேயே, பெரும்பாலும் நிலைத்திருக்கும். அந்த வெப்பத்துக்கு அளவிடப்பட்ட டியூபைக் கேட்டு வாங்கலாம். இரப்பர் பலூன் வகைப் பம்புகளில் இம்முறை ஏற்கெனவே கையாளப்படுகிறது. ஒப்பந்தப்புள்ளியில் 25, 32, 40 டிகிரிகளில் அளந்த ஓட்ட அட்டவணையைக் கட்டாயமாகக் கேளுங்கள். ஒரே வெப்பநிலையில் அளந்த ஒற்றை எண்ணைக் கொடுக்கும் நிறுவனத்தைத் தொழில்நுட்பச் சுற்றிலேயே நீக்கிவிடலாம். ஸ்பிரிங் முழு நீளத்தில் இருக்கும்போதும், பாதியிலும், முடியும் தறுவாயிலும் ஓட்டம் எவ்வளவு என்பதையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மலிவான ஸ்பிரிங்குகள் தொடக்கத்தில் வேகமாகவும் இறுதியில் சோர்ந்தும் தள்ளும், சராசரியோ அழகாக வந்துவிடும்.

சிரிஞ்சைப் பற்றியும் ஒரு சொல். பிளஞ்சரின் இரப்பர் முனை உருளையின் சுவரோடு உரசும் உராய்வு தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். மோட்டார் பம்பு அதைப் பெரும்பாலும் வென்றுவிடும். ஸ்பிரிங் பம்பில் அந்த உராய்வு நேரடியாக ஓட்டத்தில் கழியும். ஒவ்வொரு ஒப்பந்தக் காலத்திலும் நம் மருத்துவமனைகளுக்கு வரும் சிரிஞ்சுகளின் தயாரிப்பாளர் மாறலாம். பம்பை ஒரு தயாரிப்பின் சிரிஞ்சோடு சோதித்து வாங்கிவிட்டு, அடுத்த ஆண்டு வேறொன்றை அதில் மாட்டச் சொல்வது சோதனையையே வீணாக்கும். பம்பு, டியூப், சிரிஞ்சு மூன்றையும் ஒரே தொகுப்பாகச் சோதித்து, ஒரே தொகுப்பாக வாங்க வேண்டும். இதைச் சொல்லும்போது, கருவி வந்து இறங்கிய பின் அதற்கான நுகர்பொருள் வராமல் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும் இயந்திரங்களை அறிந்தவர்கள் புன்னகைப்பார்கள். டியூப் இல்லாத ஸ்பிரிங் பம்பு எடைக்குப் போடத்தான் ஆகும். எனவே பம்பின் விலையை மட்டும் ஒப்பிடாமல், ஐந்து ஆண்டுகளுக்கான டியூபுகளின் விலையையும் சேர்த்தே குறைந்த விலைப்புள்ளியைத் தீர்மானிக்க வேண்டுகிறேன்.

ஸ்பிரிங் பம்பின் பெருங்குறை, அது பேசாது என்பது. ஊசி அடைத்துக்கொண்டாலோ, டியூப் மடங்கி உடலின்கீழ் சிக்கிக்கொண்டாலோ எந்த ஒலியும் எழாது; மருந்து நின்றுவிடும், அவ்வளவுதான். இதற்குச் செலவில்லாத தீர்வு, சிரிஞ்சின் மீது நீளவாக்கில் ஒட்டும் நேரப் பட்டை. செவிலியர் மருந்தை நிரப்பியதும் பட்டையில் காலை, மதியம், மாலை, இரவு, விடியல் என்று பிளஞ்சர் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கோடிட்டு எழுதிவிடலாம். படிக்கத் தெரியாதவரும் கோட்டுக்கு முன்னா பின்னா என்று பார்த்துவிடலாம். பெண் சுகாதாரத் தன்னார்வலர் அவ்வழியே செல்லும்போது அதை ஒரு முறை பார்த்து, வேறுபாடு இருந்தால் செவிலியருக்குத் தொலைபேசியில் சொன்னால் போதும். டியூபைக் கழற்றவோ, சிரிஞ்சை மாற்றவோ தன்னார்வலரை ஒருபோதும் பணிக்கக் கூடாது. பணிச்சுமை கூடும்போது பொறுப்பு கீழ்நோக்கி நகர்வது நம் துறையின் பழக்கம் என்பதால், இந்த எல்லையை அரசாணையிலேயே எழுதிவிடுவது நல்லது.

கர்ப்பகால வலிப்புக்கும் இக்கருவியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரத்த அழுத்தம் மிகுந்து வலிப்பு வரும் நிலையை, ஊரில் பிரசவ ஜன்னி என்பதை, தடுக்கும் மருந்து மெக்னீசியம் சல்பேட். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, அம்மருந்து வலிப்பின் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்று காட்டியது. மருந்து மலிவு, கொடுக்கும் முறைதான் கொடுமை. தசை ஊசி முறையில் முதலில் இரு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம், பிறகு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 5 கிராம், பிரசவத்துக்குப் பின் 24 மணி நேரம் வரை. 50 விழுக்காட்டுக் கரைசலில் 5 கிராம் என்பது 10 மில்லிலிட்டர். பத்து மில்லிலிட்டரைத் தசைக்குள் ஆழமாகச் செலுத்தும் ஊசி எப்படி வலிக்கும் என்று அந்தத் தாய்மார்களைக் கேட்டால் தெரியும். மற்றொரு முறையில், முதல் அளவுக்குப் பின் மணிக்கு 1 கிராம் வீதம் இரத்தக்குழாய் வழியே சீராகச் செலுத்த வேண்டும். அதற்குப் பம்பு வேண்டும்.

இதற்கு ஸ்பிரிங் பம்பு பயன்படுமா என்று நம் நாட்டிலேயே, நாக்பூரிலும் வேலூரிலும் உள்ள இரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆராய்ந்து 2012-இல் முடிவுகளை வெளியிட்டுள்ளனர். மருந்தை அப்படிக் கொடுக்க இயலும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. இன்னொரு நன்மையையும் குறிப்பிட வேண்டும். மெக்னீசியம் மிகுந்துவிட்டால் முழங்கால் அனிச்சை மறைந்து, மூச்சு மந்தமாகும். தசைக்குள் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது; பம்பின் டியூபை ஒரு கிளாம்ப்பால் அந்த நொடியே நிறுத்திவிடலாம். ஆனாலும் அனிச்சை, மூச்சு, சிறுநீரின் அளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும் மெக்னீசியம் மிகுந்துவிட்டால் அதை முறிக்கும் கால்சியம் குளுக்கோனேட்டைக் கைவசம் வைத்திருப்பதும் மாறாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் அளவைத் தசை ஊசியாகப் போட்டு உடனே, தாய்க்கும் சேய்க்கும் முழு அவசர சிகிச்சை தரும் சீமாங் மையத்துக்கு அனுப்பும் இன்றைய நடைமுறையையும் தொடக் கூடாது. பம்பைத் தேடிக்கொண்டு 108 வண்டியைக் காக்கவைக்கும் நிலை வந்தால், பம்பு வராமலிருந்ததே மேல் என்றாகிவிடும். சீமாங் மையத்தில், தொடர் அளவைக் கொடுக்கவே இதைக் கேட்கிறேன்.

எங்கே இது கூடவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நார் அட்ரினலின், டோபமின் போன்றவை, இன்சுலின், பச்சிளங்குழந்தைகளுக்கான எந்த மருந்தும், இவற்றில் ஓட்டம் 10 அல்லது 15 விழுக்காடு விலகினாலும் தாங்காது. அங்கே மின் பம்புதான் வேண்டும். ஸ்பிரிங் பம்பு மலிவு என்று தெரிந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அதையே அனுப்பிச் செலவைக் குறைக்கும் யோசனை யாருக்காவது தோன்றலாம். தோன்றுவதற்கு முன்பே தடுத்துவிடுவதற்காக இதை எழுதுகிறேன்.

மார்ஃபின் வீட்டுக்குச் செல்வது சட்டச் சிக்கல் என்று தயங்க வேண்டியதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 2014-இல் செய்யப்பட்ட திருத்தம், அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் வழியாக இம்மருந்துகளைப் பெறுவதை எளிதாக்கியது. பம்பு, பூட்டக்கூடிய, ஆனால் உள்ளே சிரிஞ்சு தெரியும் கண்ணாடி போன்ற உறைக்குள் இருக்க வேண்டும். நிரப்பிய அளவு, மீதி, கழித்த அளவு மூன்றும் வீட்டிலேயே இருக்கும் அட்டையில் எழுதப்பட வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளின்கீழ் உரிய உரிமம் பெற்ற பம்பை மட்டுமே ஏற்க வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டுகிறேன்.

மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் தொடங்குமாறு நான் கோரவில்லை. வெயில் மிகுந்த ஒரு மாவட்டத்தையும், குளிர்ந்த நீலகிரியையும் தேர்ந்தெடுத்து, ஒரு கோடையும் ஒரு குளிர்காலமும் அங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். ஒவ்வொரு சிரிஞ்சும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அறையின் வெப்பம் ஆகிய மூன்றை மட்டும் செவிலியர்கள் குறித்துவந்தால், எந்த டியூபை வாங்குவது என்ற கேள்விக்கு அந்தப் பதிவேடே விடை சொல்லும். அதற்கு முன்பாக, தொழில்நுட்ப விவரக்குறிப்பின் வரைவை உங்கள் இணையத்தளத்தில் வெளியிட்டு, நோய் ஆதரவு செவிலியர்கள், மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவக் கருவிப் பொறியாளர்கள் ஆகியோரின் கருத்தைப் பெற ஒரு மாத அவகாசம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வரைவு வெளியானால், ஓட்டச் சோதனைக்கான வழிமுறையை எழுதித் தருவதற்கு என்னைப் போன்ற கருவிப் பொறியாளர்கள் ஊதியம் எதிர்பாராமல் முன்வருவோம்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவிப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர்